கோலூன்றி வீரர்களும் ஏழு மணிக் கப்பலும்

குறுக்குக் கழி மூன்றாவது முறையாக உடைந்தபோது மணி நாலரை. ஃபெர்மின் தம் பைக்கடிகாரத்தைப் பார்த்தார். உடைந்த கழியைப் பார்த்தார். பிறகு, அதை உடைத்துவிட்டு மணல் குழியில் சாவகாசமாக உட்கார்ந்திருந்த சிலே நாட்டு லாவுதாரோவைப் பார்த்தார்.

"வேற கழி இருக்கா ஐயா?" என்று கேட்டான் அவன்.

"இருந்துச்சு. அதைத்தான் போன தடவை உடைச்சே."

உருகுவேக்கும் சிலேக்கும் நடந்த முதல் தடகளப் போட்டி அது. மோன்டெவிடியோ மைதானத்தில் மற்ற எல்லாப் பந்தயங்களும் முடிந்துவிட்டன. மிச்சமிருந்தது கோலூன்றித் தாண்டுதல் ஒன்றுதான். அதற்கு நடுவர் ஃபெர்மின். பள்ளியில் இருபத்திரண்டு வருடமாக வடிவியல் கற்பிக்கிறவர். மணி அடிப்பதற்கு முன்பே வகுப்பில் நிற்கிறவர். அந்த நேரம் தவறாமைதான் அவருக்கு வினையாக வந்து சேர்ந்தது. சிலே அணியைப் பத்திரமாக ஏழு மணிக் கப்பலில் ஏற்றிவிடும் பொறுப்பையும் கமிட்டித் தலைவர் அவர் தலையிலேயே கட்டியிருந்தார். கப்பலை விட்டால் அடுத்தது வியாழக்கிழமைதான். கார்னிவல் திருவிழாக் கூட்டத்தால் ஊரில் எந்த ஓட்டலிலும் ஒரு கட்டில்கூடக் காலியில்லை. விட்டால் அவர்கள் ஃபெர்மினுடைய விருந்தாளிகள் என்று தலைவர் காலையிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார்.

காவலாளியின் குடிசைக்குப் பின்னால் நாணல் கழி ஒன்று கிடைத்தது. மேலே ஏற்றி வைத்ததும் அது நடுவில் தொய்ந்தது. எந்த இடத்தில் அளப்பது என்று சர்ச்சை கிளம்பியது. நடுவில்தான் அளக்க வேண்டும் என்றான் லாவுதாரோ. ஓரத்தில்தான் என்றான் உருகுவே வீரன் உலிசெஸ். ஃபெர்மினின் பழைய மாணவன் அவன். வடிவியலில் இரண்டு முறை தோற்றவன். அப்படிப்பட்டவன் இப்போது வளைகோட்டின் தன்மை பற்றிக் கேள்விமேல் கேள்வி கேட்டான். பள்ளிக்கூடத்தில் வராத ஞானம் இங்கே வந்திருக்கிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு, மணலில் படம் போட்டு விளக்கினார் வாத்தியார். அதில் இருபது நிமிஷம் போயிற்று.

அது தீர்ந்தவுடன் லாவுதாரோ தான் ஊன்றித் தாண்டும் மூங்கிலை வெயிலில் தூக்கிப் பிடித்து, கீறல் விட்டிருக்கிறது என்றான். ஃபெர்மின் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தும் கீறல் தெரியவில்லை. ஆனால் விருந்தாளி நாட்டுக்காரன் விழுந்து கழுத்தை முறித்துக்கொண்டால் யார் பதில் சொல்வது? உலிசெஸ் பெருந்தன்மையாகத் தன் மூங்கிலைக் கொடுத்தான். கூட்டம் கைதட்டியது. ஆனால் ஒரே மூங்கிலில் இருவர் தாண்ட, ஒவ்வொருவரும் பிடிக்கு வேறு வேறு இடத்தில் துணி சுற்ற, ஒவ்வொரு தாண்டலுக்கும் ஐந்து நிமிஷம் ஆனது.

ஐந்தரைக்கு இருவரும் மூன்று மீட்டர் நாற்பதில் மூன்று தடவையும் தோற்றுச் சமநிலையில் நின்றார்கள். வெற்றியாளர் யார் என்று தீரும்வரை விடக் கூடாது என்பது விதி. உயரத்தைக் குறைத்தால் யாராவது ஒருவன் தாண்டிவிடுவான், கதை முடியும் என்று கணக்குப் போட்டார் ஃபெர்மின். மூன்று முப்பது வைத்தார். இருவரும் தட்டினார்கள். மூன்று இருபது. அதையும் தட்டினார்கள். குறைக்கக் குறைக்க அவர்களும் இறங்கிக்கொண்டே வந்தார்கள். லாவுதாரோ ஒரு தடவை ஓடி வந்து, ஊன்றாமலேயே கழிக்கு அடியில் புகுந்து மறுபக்கம் போனான்.

"என்னடா ஆச்சு உனக்கு?" என்று உலிசெஸைத் தனியே இழுத்துக் கேட்டார். "போன மாசம் மூணு ஐம்பது தாண்டினவன்தானே?"

"மனசு ஒட்டலை வாத்தியாரே. நீங்க கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விடறீங்க. கால் நடுங்குது."

அவருக்குச் சுருக்கென்றது. கடிகாரத்தைச் சட்டைப் பைக்குள் போட்டார். அதற்குப் பிறகு நேரம் போனதே தெரியவில்லை; அதுதான் தவறாகப் போயிற்று.

ஆறு மணி ஆகியிருக்கும் என்று தோன்றியபோது அவருக்கு ஒரு யோசனை பிறந்தது. சிலே அணியின் மேலாளரைக் கூப்பிட்டார். மூட்டை முடிச்சுகளோடு அவர் முதலில் துறைமுகத்துக்குப் போய்க் கப்பலில் ஏறி உட்காரட்டும், லாவுதாரோவை விட்டு நகர மாட்டோம் என்று நிற்கும் பையன்களையெல்லாம் போட்டி முடிந்ததும் அப்படியே வண்டியில் அள்ளிப்போட்டுக் கொண்டுவந்து சேர்ப்பது தம் பொறுப்பு என்றார். மேலாளர் நன்றி சொல்லி, பெட்டிகளையெல்லாம் ஏற்றிக்கொண்டு கிளம்பிப் போனார்.

குறுக்குக் கழி இரண்டு மீட்டர் எழுபதுக்கு வந்தது. ஃபெர்மினின் தோட்டத்து மதிலுக்கும் அதற்கும் அதிக வித்தியாசமில்லை. போன வாரம் பூனையைத் துரத்திக்கொண்டு அவரே கிட்டத்தட்ட அந்த மதிலைத் தாண்டியிருந்தார். அந்த உயரத்தையும் இரண்டு நாட்டுச் சாம்பியன்களும் மாறி மாறித் தட்டிக்கொண்டிருந்தபோது, துறைமுகப் பக்கத்திலிருந்து நீளமாக ஒரு சங்கு ஊதியது. ஒரு முறை. இரண்டு முறை. மூன்றாம் முறையோடு கப்பல் கரையை விட்டது.

ஃபெர்மின் கழி ஏற்றும் ஏணியின் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்தார். வாழ்க்கையில் முதல் முறையாக விதிப் புத்தகத்தை மணலில் விட்டெறிந்தார். ஏணியில் ஏறிக் கழியை மூன்று மீட்டர் ஐம்பதில் வைத்தார்.

"தாண்டினாத் தாண்டுங்க, இல்லாட்டி விடியற வரைக்கும் இங்கேயே கிடப்போம்."

உலிசெஸ் ஓடி வந்து தாண்டினான். லாவுதாரோவும் தாண்டினான். மூன்று அறுபதில் உலிசெஸின் முழங்கால் பட்டது. லாவுதாரோ காற்றில் சுருண்டு, கழிக்கு ஒரு சாண் மேலே போய் இறங்கினான். வெற்றி சிலேக்கு. எல்லாமாகச் சேர்ந்து ஆறு நிமிஷம்தான். கப்பல் பதற்றம் விலகியதும் உடம்பு லேசாகிவிட்டது போலும் என்று ஃபெர்மின் நினைத்துக்கொண்டார். அந்தப் பதற்றத்தை உண்டாக்கியதே தாம்தானே என்று தலையில் அடித்துக்கொண்டார்.

எட்டு சிலே வீரர்களையும் அவர்களுக்குக் கால் பிடித்துவிடும் பெலார்மினோவையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டு வாசலில் போய் நின்றார். மனைவி எவுலாலியா கதவைத் திறந்தாள். எட்டு அரைக்கால் சட்டைகளையும் எண்ணிப் பார்த்தாள்.

"இவங்க பெட்டியெல்லாம் எங்கே?"

"கப்பல்ல போயிடுச்சு."

"இவங்க?"

"போகலை."

அவள் திரும்பிச் சமையலறைக்குள் போனாள். குழம்பில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது.

சாப்பாடு முடிந்ததும் பையன்கள் போட்டுக்கொள்ள ஏதாவது துணி கிடைக்குமா என்று கூச்சத்தோடு கேட்டார்கள். ஃபெர்மினின் கால்சட்டைகள் நாலு பேருக்குத்தான் வந்தன. மீதிப் பேருக்கு எவுலாலியாவின் பழைய பாவாடைகளும் ஜன்னல் திரைகளும் போயின. லாவுதாரோ பூப்போட்ட பாவாடையும் ஒரு இறகுத் தொப்பியுமாகப் படியிறங்கி வந்தான். அயல்நாட்டு இளைஞர்களை இந்தக் கதிக்கு ஆளாக்கிவிட்டோமே என்று ஃபெர்மினுக்குக் கண் கலங்கியது. தெருவில் எங்கோ மேளம் கேட்டது. வாசலில் உலிசெஸ் முகத்தில் கரி பூசிக்கொண்டு வந்து நின்று சீட்டியடித்தான். எட்டு பேரும் திமுதிமுவென்று வெளியே ஓடினார்கள்.

பெலார்மினோ மட்டும் காலை நீட்டி மாத்தே பானத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தான். ஃபெர்மின் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, எல்லாம் தம்முடைய திட்டக் கோளாறுதான், அணி முழுவதும் தம்மை மன்னிக்க வேண்டும் என்று தழுதழுத்தார்.

பெலார்மினோ குடுவையைக் கீழே வைத்தான்.

"விடுங்க ஐயா, உங்க ஊர்க் கார்னிவலைப் பார்க்காமக் கப்பல் ஏறக்கூடாதுன்னுதான், அந்த ரெண்டு பேரும் சேர்ந்து நேத்துப் பூரா எப்படித் தாண்டாம இருக்கறதுன்னு பயிற்சி எடுத்தாங்க."