கறி கழுவின தண்ணீரும் என் பர்மனென்ட் வேலையும்

செடி வளர்க்க யோசனை சொல்ல மட்டும் பெங்களூரில் ஆளுக்குப் பஞ்சமே கிடையாது. செடி செத்துப்போனால் "நான் எங்கேப்பா சொன்னேன்?" என்று கேட்பதும் அதே ஆட்கள்தான். வயிற்றெரிச்சலோடுதான் எழுதுகிறேன். இத்தனை வருஷமாகியும் ஆறவில்லை.

சுதந்திரம் வந்த புதிது. கண்டோன்மென்ட்டில் ஒரு கம்பெனியில் நான் தற்காலிக டைப்பிஸ்ட். ஹெட் கிளார்க் சதாசிவ முதலியார் பரம சைவம். (முட்டை என்ற சொல்லை டைப் அடித்துக் காட்டலாம், வாயால் சொல்லக்கூடாது.) குடும்பத்தோடு பழனிக்குக் கிளம்பும்போது நாலு ரோஜாத் தொட்டிகளை என் வீட்டில் இறக்கினார்.

"முருகனுக்குச் சாத்துற பூ தம்பி. நல்லா பாத்துக்கிட்டீங்கன்னா, உங்க பர்மனென்ட் விஷயமா துரைகிட்ட நானே பேசுறேன்."

தண்ணீர் ஊற்றினால் போதாதா? போதாதாம். வீட்டுக்கார கௌரம்மா, "பரீ நீரா? வெறும் தண்ணியில என்னப்பா இருக்கு? சோப்புத் தண்ணி ஊத்து, பூச்சி வராது" என்றார். ஆடுகோடிப் பக்கத்து ஓட்டல்காரர் மிச்சக் காப்பி என்றார். ஆபீஸ் ஸ்டோர்கீப்பர் பீர் என்றார். (பாதியைத் தானே குடித்துவிட்டு மீதியைக் கொடுத்தார்.) சிவாஜிநகர் கறிக்கடை பாய், "கறி கழுவின தண்ணி ஊத்துங்க சாப். பூ முட்டைகோஸ் கணக்கா வரும்" என்றார்.

நாலு பேர் மனசும் நோகக்கூடாதே என்று தொட்டிக்கு ஒன்றாக ஊற்றினேன். நல்ல மனசு ஒரு குற்றமா?

சோப்புத் தொட்டி மஞ்சளாகி உதிர்ந்தது. காப்பித் தொட்டியில் எறும்புகள் குடும்பத்தோடு குடிவந்தன. பீர் தொட்டி தள்ளாடிச் சாய்ந்தது. நாலாவது மட்டும் பாய் வாக்கைக் காப்பாற்றியது.

முதலியார் திரும்பியதும் தொட்டிகளை ஜட்கா வண்டியில் ஏற்றி அவர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். மூன்று குச்சிகளைப் பார்த்து முகம் சுண்டியவர், நாலாவதைப் பார்த்து உருகிவிட்டார். ஒரு பூ முருகன் படத்துக்குப் போனது. இன்னொன்று அவர் சம்சாரத்தின் கொண்டைக்கு.

"இதுக்கு என்ன ஊத்தினீங்க தம்பி?"

பர்மனென்ட் ஆகப்போகிற மிதப்பில் உண்மையைச் சொன்னேன்.

அந்த அம்மாள் பூவை இரண்டு விரலால் எடுத்துக் கீழே போட்டுவிட்டுக் குளிக்கப் போனார். முதலியார் முருகன் படத்தையே கழற்றினார்.

"பழனிக்குப் போயும் பிரயோஜனம் இல்லாம பண்ணிட்டியேய்யா."

'தம்பி' போய் 'யா' வந்தது. பர்மனென்ட் பேச்சும் போனது. ஸ்டோர்கீப்பரிடம் அழுதேன். "செடிக்கு யாராவது பீர் ஊத்துவாங்களா? உனக்கென்ன கிறுக்கா?" என்றார் மனுஷன்.

கொஞ்ச நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் நிற்கிறேன். எனக்கு முன்னால் மப்ளரால் தலையை மூடிய ஒருவர், மூடி போட்ட தூக்கை நீட்டி, "கழுவின தண்ணி மட்டும் போதும் பாய்" என்கிறார். குரல் தெரிந்த குரல். திரும்பினார். முதலியார்.

"செடிக்குத்தான்" என்றார்.

"தெரியும் சார்."

"இந்தப் பூ சாமிக்கு வைக்கிறதில்ல."

"சரிங்க சார்."

"வீட்ல தெரியாது."

நான் தூக்கைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். மறுநாளே பர்மனென்ட் ஆர்டர் வந்துவிட்டது.

நான் டைப்பிங்கில் ஹையர் தேறியவன் ஐயா. ஒரு எழுத்துப் பிசகாமல் அடிப்பேன். அதை யார் சொல்கிறார்கள்? மகனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் சம்பந்தி என் உத்தியோகம் பற்றி மரியாதையாகத்தான் விசாரித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி முந்திக்கொண்டாள்.

"இவருக்கா? கறி கழுவின தண்ணியில கிடைச்ச வேலைங்க."