தட்டில் வளர்ந்த குடல்

“வயித்துக்குள்ள கெடக்கிறத எவனும் பாத்துரக் கூடாதுன்னுதான் ஆண்டவன் தோலப் போட்டு மூடி வச்சிருக்கான், அதத் தொறந்து…” என்று பெரியப்பா ஏதோ சொல்வார். பின்பாதி சங்கிலிப்பாண்டிக்கு மறந்துபோயிற்று. முன்பாதியே அவருக்குப் போதும்.

பட்டாளத்தில் பனிமலையில் காவல் நின்றவர். ஓய்வுபெற்று ராஜபாளையம் வந்ததும் வயிறு எரிய ஆரம்பித்தது. ஆள் பாதியாக இளைத்தார். வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். அன்றே சபதம் எடுத்தார்: குழாய் கிடையாது, இனிப் பச்சிலைதான்.

மிக்ஸியில் கறிவேப்பிலையும் நெல்லிக்காயும் மாதுளந்தோலும் அலறின.

“என்னங்க இது, மாட்டுக்கா?” என்றாள் மனைவி மாரிச்செல்வி.

“ஏட்டி, சிரிக்காத. இரும்புல துரு ஏறுற மாதிரி குடல் செல்லுலயும் ஒரு கேடு ஏறுதாம். செடியில இருக்கிற சத்து அதத் தடுக்குதாம். ஆராய்ச்சியில சொல்லியிருக்கான்.”

“யாரு குடல்ல பாத்தான்?”

போனைத் தள்ளித் தள்ளித் தேடினார். “கண்ணாடித் தட்டுல வளத்த செல்லுல.”

“அந்தத் தட்டு ராத்திரி பரோட்டா திங்குமா? சால்னாவ ஊத்திப் பாத்தானா?”

“அது அடுத்த ஆராய்ச்சி.”

சிரித்தவள், அவர் நழுவும் வேட்டியை இறுக்குவதைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். அவள் அண்ணனும் இப்படித்தான் கஷாயத்திலேயே நாளைக் கடத்திக் கடைசியில் செத்துப்போனார்.

“சாறு நல்லதுதான், குடிங்க. உள்ள என்னன்னு பாத்துட்டுக் குடிங்க.”

“முடியாது.”

“சரி.”

அவள் அவ்வளவு சீக்கிரம் ‘சரி’ சொல்பவள் அல்ல. அவர் அப்போதே யோசித்திருக்கலாம்.

புரட்டாசிச் சனிக்கிழமை வந்தது. பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் ஸ்ரீவில்லிபுத்தூர் போய், அங்கே திருவண்ணாமலை என்னும் குன்றில் நிற்கும் பெருமாளைச் சேவித்த பிறகுதான் அவருக்குச் சாப்பாடு. பைக் ஓர் ஆஸ்பத்திரியைத் தாண்டும்போது முதுகில் தட்டினாள்.

“செத்த நேரம் நிப்பாட்டுங்க. உள்ள ஒரு ஆளப் பாக்கணும்.”

உள்ளே நர்ஸ் குரல் கொடுத்தாள். “சங்கிலிப்பாண்டி யாரு? வெறும் வயிறுதான?”

“சொட்டுத் தண்ணி குடிக்கல சிஸ்டர்,” என்றாள் மாரிச்செல்வி. “பெருமாள் மேல அம்புட்டுப் பயம் அவியளுக்கு.”

“ஏட்டி! நாள் பாத்து வச்சியா?”

“வேற என்னிக்கு நீங்க காலையில சாப்பிடாம இருந்தீய?”

“பெருமாளு?”

“அவரு அங்கனதான் நிப்பாரு, பொறவு பாப்போம். எனக்கு நீங்க ஒரு ஆளுதான்.” அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே சொன்னாள்.

சங்கிலிப்பாண்டி கட்டிலில் இடப்பக்கமாகப் படுத்து வாயைத் திறந்தார்.