எட்டாம் வகுப்பின் காற்றுப்போர்

வாழ்க தாட்சாயணியார்! புத்தூரில் பஸ் ஏறி, நாகலாபுரத்தில் இறங்கி, பதினொரு பேரைச் சுமந்து திணறும் ஷேர் ஆட்டோவின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு, மடியில் சோற்றுப்பையும் மார்பில் சமூக அறிவியல் புத்தகமும் அணைத்து, நெற்றியில் வேர்வை முத்துமாலை சூடி, ஊர்க்கோடிப் பள்ளியின் வாசலில் நாள்தோறும் வந்திறங்கும் வீரத்திருமகள் வாழ்க! சுண்ணக்கட்டித் தூளில் உறையும் சொல்லின் தேவியே, அவர் பொருத களத்தையும் இழந்த அரியணையையும் பிழையின்றிப் பாட எமக்கு நாவன்மை தருக.

எட்டாம் வகுப்பு அறையின் உச்சியில் முச்சிறகு விரித்து, கடகடவென முழங்கிச் சுழன்றது ஒரே ஒரு மின்விசிறி. அதற்கு நேர் கீழே, வேறெவரும் அமரத் துணியாத தாட்சாயணியாரின் நாற்காலி. அங்கே வந்து அமர்ந்து, கண்மூடி, கழுத்தைச் சற்றே உயர்த்தி, முதற்காற்றை அவர் வாங்கும் அந்த ஒரு நிமிடத்துக்காகவே இரண்டு வண்டிகளின் துன்பத்தையும் பொறுத்தார் என்றால் அது மிகையன்று. அவர் பருகியது போக மிஞ்சிய காற்று முதல் பெஞ்சைத் தொட்டது; இரண்டாம் பெஞ்சில் இளைத்தது; ஐந்தாம் பெஞ்சை எட்டுமுன் மாண்டது.

மார்ச் மாதத்துப் புதன்கிழமை ஒன்றில், அனல் அம்புகளை ஆதவன் தகரக் கூரை மேல் பொழிந்துகொண்டிருந்த நண்பகலில், அரசியலமைப்பின் பதினான்காம் பிரிவை அவர் இடிமுழக்கமென அறிவித்தார்: “சட்டத்துக்கு முன்னால எல்லாரும் சமம்! பெரியவங்க சின்னவங்கன்னு இல்ல!”

அப்போது எழுந்தாள், ஐந்தாம் பெஞ்சின் அரிமா, மாந்தோப்புத் திருவேங்கடத்தின் மகள் ஹரிதா.

“டீச்சர், காத்துக்கு முன்னால மட்டும் சமம் இல்லியா? நாங்க இங்க வெந்துக்கினு கீறோம்.”

புயலுக்கு முந்தைய கடலென இருபத்து நான்கு நெஞ்சங்கள் அடங்கின.

“அது தேசத்தோட சட்டம்டீ. இது ஒரு ஃபேனு. இத்தினூண்டு விஷயம்.”

“உப்பும் இத்தினூண்டுதான், அதுலதான் அவ்ளோ பெரிய போராட்டம் எழுந்துச்சின்னு போன வாரம் நீங்கதான சொன்னீங்க?”

தாம் வடித்த வாள் தம்மையே தீண்டக் கண்ட கொல்லர்போல் தாட்சாயணியார் திகைத்தார். ஹரிதாவோ உட்காரவில்லை. பாடம் நடக்கட்டும், கேட்கிறோம், ஆனால் நின்றே கேட்போம் என்று அறப்போர் தொடுத்தாள். அவளோடு ஐந்தாம் பெஞ்சு எழுந்தது. நான்காம் பெஞ்சு எழுந்தது. மூன்றாம் பெஞ்சு ஒருவரையொருவர் பார்த்துவிட்டு எழுந்தது.

மிச்சக் காற்றால் வளர்ந்த முதல் பெஞ்சின் வேந்தனும் வகுப்புத் தலைவனுமாகிய கிஷோர் மேசையைத் தட்டிச் சூளுரைத்தான்: “டீச்சர் சேரை எவன் நகத்துறான்னு பாக்குறேன்! நான் கீற வரைக்கும் நடக்காது!”

ஓர் அதட்டல் போதும், கலகம் கலைந்துவிடும். பிரம்பும் அலமாரியின் மேலேயே இருந்தது. ஆனால் நின்றவர்களைத் தடியால் அடித்ததுதான் வெள்ளையர் செய்த பெரும்பிழை என்று ஆறு நாளுக்கு முன் கண்கலங்க உரைத்தது யார்? அவரே. எனவே மக்களாட்சியின் பேராயுதத்தை உருவினார்: ரகசிய வாக்கெடுப்பு. நாற்காலி நகர வேண்டும், ஐந்து பெஞ்சும் முறைவைத்து விசிறியின் கீழ் அமர வேண்டும் என்போர் ‘ஆம்’ என்றும், மறுப்போர் ‘இல்லை’ என்றும் எழுதுக! மதிப்பெண் போடும் சிவப்புப் பேனா தம் கையில் இருக்கையில் யார் துணிந்து ‘ஆம்’ எழுதுவார் என்றும் அவர் உள்ளம் ஓரமாய்க் கணக்கிட்டது. அதை வரலாறு மறைக்காது.

“நீங்களும் போடணும் டீச்சர்,” என்றாள் ஹரிதா. “உங்களுக்கும் ஒரே ஓட்டுதான்.”

சாக்பீஸ் பெட்டியில் இருபத்தைந்து துண்டுச் சீட்டுகள் விழுந்தன. கிஷோரே எண்ணினான். முதல் சீட்டு ‘ஆம்’. இரண்டாவது ‘ஆம்’. பத்தாவதும், இருபதாவதும் ‘ஆம்’. எண்ண எண்ண அவன் குரல் தேய்ந்தது, காதுகள் சிவந்தன. முடிவில் இருபத்து நான்கு ‘ஆம்’. ஒரே ஒரு ‘இல்லை’.

நாற்பத்தெட்டு கண்கள் மெல்லத் திரும்பித் தாட்சாயணியாரின் மேல் நிலைத்தன.

“ரகசிய ஓட்டுடா! யார் போட்டாங்கன்னு ஆராயக் கூடாது!” என்று கர்ச்சித்தார் அவர்.

பின்னர் அவர் முகம் மாறியது. கிஷோரும்கூட அல்லவா தமக்கு எதிராய் எழுதியிருக்கிறான்! பன்னிரண்டு ஆண்டுகள் இந்தப் பாடத்தை நடத்தியும், எந்தத் தேர்வுத் தாளிலும் இப்படியொரு விடை அவருக்குக் கிடைத்ததில்லை. ஒருவரும் அஞ்சவில்லை. கழுத்தில் வேர்வை ஊற்றெடுத்தது. நெஞ்சிலோ, ஒப்புக்கொள்ள மனமில்லாத ஒரு பெருமிதம் முரசறைந்தது. உதவ ஓடிவந்த கிஷோரைக் கையமர்த்தி, தம் அரியணையைத் தாமே தூக்கி, தோற்ற வேந்தர் எவரும் நடந்திராத நிமிர்வோடு நடந்து, வெயில் காயும் சுவரோரம் அதை வைத்து, புத்தகத்தைப் பிரித்து, “பதினஞ்சாம் பிரிவு” என்று முழங்கினார்.

மறுநாள் டீச்சர் வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கைவிசிறி கொண்டுவந்தார்.