கோவளத்தை வலம் வரப்போன சங்கம்

"கடலே இல்லாத ஊர்ல பலகைய வெச்சிகினு எதுல மிதப்பீங்க, என் சாம்பார்லயா?" என்று கஸ்தூரி கேட்டது, செங்கம் சாலை மூன்றாம் குறுக்குத் தெருவின் இரண்டு முனைகளுக்கும் எட்டியது.

"உனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. இதுக்குப் பேரு தீம்," என்று அவள் அண்ணன் முருகையனும் குரலை உயர்த்தினார்.

"தீமோ கீமோ, பதினோரு வருஷமா நான் அடுப்பு வெச்சிகினு இருக்கற எடம் இது. முன் ரூம்பு கஸ்தூரிக்குனு அப்பா சொல்லிட்டுத்தானே போனாரு?"

"சொன்னாரு. எழுதலியே."

உலகில் இதுவரை நிகழ்ந்த மகத்தான முன்னேற்றங்கள் அனைத்தும் யாரோ ஒருவருடைய அடுப்பை அணைத்துவிட்டுத்தான் தொடங்கியிருக்கின்றன. திருவண்ணாமலையில் இந்த உண்மையை முதலில் உணர்ந்த பெருமை, மூன்றாம் குறுக்குத் தெரு விடுதி உரிமையாளர் மேம்பாட்டுச் சங்கத்தையே சேரும். தலைவர் முருகையன். செயலாளர் சுரேஷ்குமார். மற்ற ஒன்பது பேரும் கைதூக்கும் பணியை இன்றுவரை குறைவின்றி ஆற்றி வருகிறார்கள்.

சங்கத்துக்கு ஒரு கவலை இருந்தது. பங்குனி பிறந்தால் போதும், ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்திருக்கும் வெள்ளைக்காரர்கள் வெயிலுக்குப் பயந்து குளிர்ந்த ஊர்களுக்குப் பறந்துவிடுவார்கள். விடுதிகளில் பல்லிகள் மட்டும் தங்கும். அப்போதுதான் சுரேஷ்குமார் தன் போனில் ஒரு வீடியோ பார்த்தார். சென்னையை அடுத்த கோவளம் கடற்கரையில், கொளுத்தும் வெயிலில், இளைஞர் கூட்டம் பலகை மேல் நின்று அலையில் சறுக்கிக்கொண்டிருந்தது. இந்த ஊரில் ஞானம் வேண்டிப் பலர் வருடக்கணக்காகக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். சுரேஷ்குமாருக்கு அது முப்பது விநாடியில் வந்துவிட்டது. விருந்தாளிகள் ஓடுவது வெயிலால் அல்ல, பலகை இல்லாததால்.

ஆகவே முருகையன் வீட்டு முன் அறையில், அதாவது கஸ்தூரியின் டிபன் கடையில், ஒரு "சர்ஃப் கஃபே" அமையும் என்று சங்கம் தீர்மானித்தது. அதற்குமுன் கோவளத்தில் "கள ஆய்வு."

"நீயும் வா கஸ்தூரி," என்றார் முருகையன், பெருந்தன்மையோடு. "நேர்ல பாக்கலாம். இது நமக்கு ஒத்து வராதுனு பட்டா, கடை உன்னுது. நானே வுட்டுடறேன்."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் வேனில் ஏறினாள். சும்மா ஏறவில்லை. பொடி தடவிய இருநூறு இட்லிகளைப் பெரிய தூக்கில் அடுக்கி எடுத்துக்கொண்டு ஏறினாள். தீர்மானப் புத்தகத்தில் அவள் பெயர் "உணவு ஒருங்கிணைப்பாளர்" என்று பதிவானது. மாவாட்டியவள் என்று எழுத அந்தப் புத்தகத்தில் பத்தி இல்லை.

சித்திரை பிறந்த முதல் வாரம், பௌர்ணமி வியாபாரத்துக்கு இடைஞ்சல் இல்லாத ஒரு நாளாகப் பார்த்து, காலை ஆறரை மணிக்குச் சங்கம் கோவளம் கடற்கரையில் இறங்கியது. சர்ஃப் பள்ளியை நடத்தும் வேதா, மீனவக் குடும்பத்துப் பெண், ஈரத் தலையோடு வந்து வரவேற்றாள். சங்கம் உடனே விசாரணையில் இறங்கியது.

"அலை எத்தினி மணிக்கு ஆரம்பிப்பாங்க?" என்று கேட்டார் முருகையன்.

"அது எப்பவும் இருக்கும் சார்."

"மதியம் நடை சாத்துவாங்க இல்ல?"

வேதா கஸ்தூரியைப் பார்த்தாள். கஸ்தூரி கடலைப் பார்த்தாள்.

"மேடம், கடல் இல்லாம இத நடத்த முடியுமா?" என்றார் சுரேஷ்குமார்.

"முடியாதுங்க."

"அது உங்க அனுபவம். நாங்க திறந்த மனசோட வந்திருக்கோம்."

திறந்த மனம் ஒரு பலகையை மணல்மேல் கிடத்தி, அதன்மேல் ஏறி நின்று, இரண்டு கைகளையும் விரித்துப் படம் எடுத்துக்கொண்டது. மற்ற பத்துப் பேரும் வரிசையாக ஏறி நின்றார்கள். தலைவர் ஏறியபோது இருவர் பிடித்துக்கொண்டார்கள், பலகை அசையாவிட்டாலும்.

அடுத்து, ஊரைச் சுற்றிப் பார்ப்பது. இங்கேதான் சங்கத்தின் பாரம்பரிய அறிவு வெளிப்பட்டது. பிறந்தது முதல் மலையைச் சுற்றியே நடந்த கால்கள் அவை. செருப்பைக் கழற்றி, ஊரை வலப்பக்கம் வைத்து நடக்கத் தொடங்கினால், புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும் என்பதில் அந்தக் கால்களுக்கு இம்மியும் சந்தேகமில்லை.

"செருப்பப் பாத்துக்கோ கஸ்தூரி. ஒரு சுத்து வந்து போட்டுக்கறோம். இட்லிய அப்புறம் சாப்டலாம், வயித்துல போட்டா நடக்க முடியாது," என்று சொல்லிவிட்டு முருகையன் தெற்கே நடந்தார். வலப்பக்கம் ஊர், இடப்பக்கம் கடல், பின்னால் சங்கம்.

பதினோரு ஜோடிச் செருப்புகளுக்கு நடுவில் கஸ்தூரி உட்கார்ந்தாள். ஏழரை மணிக்குப் பலகைக்காரர்கள் கரையேறினார்கள். பசியில் எல்லா முகமும் ஒரே முகமாக இருந்தது.

"இங்க இன்னா சாப்பிடுவீங்க?" என்றாள்.

"அந்த மூலைல ஒரு கஃபே கீதுக்கா," என்றாள் வேதா. "பிரெட்டு மேல பச்சையா எதையோ தடவித் தருவாங்க. பத்து மணிக்குத்தான் தொறப்பாங்க. அதுல இன்னாக்கா வெச்சினுகீறீங்க?"

கஸ்தூரி மூடியைத் திறந்தாள். ஒன்பது மணிக்குள் தூக்கின் அடி தெரிந்தது. பொடி ஒட்டியிருந்த விரலை நக்கியபடி ஒரு பையன் நாளைக்கும் உண்டா என்று கேட்டான்.

"வலை வெச்சிருந்த கொட்டாய் ஒண்ணு சும்மாதான் கெடக்கு," என்றாள் வேதா. "நீங்க வந்தா நல்லா இருக்கும்க்கா."

"இந்த ஊர்த் தண்ணி உப்பா?"

"போர்த் தண்ணி உப்புதான். கேன் வரும்."

"உப்புத் தண்ணில இட்லி கல்லாப் பூடும்," என்றாள் கஸ்தூரி. எனக்கு ஊரில் கடை இருக்கிறது என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வாய் வந்தது. கடை தனக்கு உண்டா இல்லையா என்பது இன்றைக்கு மாலைக்குள் தெரிந்துவிடும் என்பதால் அடக்கிக்கொண்டாள்.

பத்தரை மணிக்கு அண்ணனிடமிருந்து போன்.

"கஸ்தூரி, மூணரை மணி நேரமா நடக்கறோம். நம்ம மலையா இருந்தா இந்நேரம் குபேர லிங்கமே தாண்டியிருக்கணும். இன்னும் வளைவே வரல."

"எங்க கீறீங்க?"

"நெம்மேலினு போர்டு போட்டிருக்கு."

வேதா போனை வாங்கிக்கொண்டாள். "சார், கடற்கரை வளையாது. அப்பிடியே போனா ராமேஸ்வரம்தான். வந்த வழியே திரும்பிடுங்க."

மறுமுனையில் ஆலோசனை நடந்தது. "திரும்பினா இடமா சுத்தற மாதிரி ஆவும்," என்றார் தலைவர். "அது எங்க ஊர்ல வழக்கம் இல்லீங்க."

வழக்கம் காப்பாற்றப்பட்டது. கொதிக்கும் மணலில் கால்மாற்றி நின்றபடி மேலும் ஒரு மணி நேரம் காத்திருந்த சங்கத்தை, மீன் பெட்டி ஏற்றிவந்த குட்டியானை வண்டி ஒன்று அள்ளிக்கொண்டு வந்து இறக்கியது. பாதங்களெல்லாம் அப்பளமாகப் பொரிந்திருந்தன.

"இட்லி எங்க?" என்றார் முருகையன்.

"பசிச்சவங்க சாப்ட்டாங்க. இருநூறும் போச்சு. இப்பவாவது பாத்தியாண்ணா? பலகைல நின்னுட்டு வர்றவனும் இட்லிதான் கேக்கறான்."

ஒரு நிமிடம் முருகையன் முகம் அவர்கள் அப்பாவின் முகம்போல் ஆனது. அதற்குள் சுரேஷ்குமார் நொண்டிக்கொண்டே முன்னால் வந்தார். "இதத்தான் தலைவரே நானும் சொல்றேன். பலகை இருந்தா பசி வருது. பசி வந்தா வியாபாரம். ஆய்வு வெற்றி."

திரும்பும் வேனில் அவசரக் கூட்டம் கூடியது. காலைக் கீழே ஊன்ற முடியாததால் எல்லாரும் காலைத் தூக்கியபடியே கையையும் தூக்கினார்கள். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

"ண்ணா," என்றாள் கஸ்தூரி, செஞ்சி தாண்டும்போது. "நான் எங்க போவேன்னு நீ கேக்கவே இல்லியே."

"சங்கம் முடிவு பண்ணிடுச்சிம்மா," என்றார் முருகையன், ஜன்னல் பக்கம் திரும்பி.

வைகாசியில் கஃபே திறந்தது. சுவர் முழுக்க நீலம். வாசலில் நிமிர்த்தி வைத்த பலகைக்குப் பௌர்ணமிக் கூட்டம் குங்குமம் வைத்துக் கும்பிட்டுவிட்டு, உள்ளே எட்டிப் பார்த்து, இட்லி இல்லையா என்று கேட்டுவிட்டுப் போகிறது. சுரேஷ்குமார் கீழ்பென்னாத்தூரில் பெண் எடுத்து, மாமனாரின் உர மூட்டைக் கடையைப் பார்த்துக்கொள்ள அங்கேயே போய்விட்டார். அந்தப் பெண்ணுக்கு அலை, கடல் போன்ற சொற்கள் பிடிக்காது என்று கேள்வி. கஸ்தூரி கோவளத்தில் இருக்கிறாள். வலைக் கொட்டகையில் ஆறு மணிக்கே ஆவி பறக்கிறதாம்.

சங்கத்தின் ஆண்டறிக்கை அச்சாகி வந்திருக்கிறது. வெளியூர் ஆட்களை நம் தெருவுக்கு அழைத்துவரும் பணி முழுவீச்சில் நடப்பதாக முதல் பக்கம் சொல்கிறது. "திருமதி கஸ்தூரி அவர்கள் தம் சொந்த விருப்பத்தின் பேரில் இடம்பெயர்ந்தார்" என்று கடைசிப் பக்கம் சொல்கிறது. அவளுடைய கிரைண்டரைத் தெருவில் எடுத்து வைத்தது யார் என்று எந்தப் பக்கமும் சொல்லவில்லை. கீழே, தலைவர் என்று போட்ட இடத்தில், கூடப்பிறந்தவனின் கையெழுத்து மட்டும் இருக்கிறது.