குதிரை வைத்தியரின் சாட்சி

‘க்ளிண்டில்’ என்ற சொல்லை உலகத்தில் முதன்முதலாக எழுதிய ஆள் யார் என்று தெரியாமல் மாப்பிள்ளை திண்டாடிக்கொண்டிருந்தான். மேசை கொள்ளாத புத்தகங்கள். ஒன்றிலும் அந்த ஆள் தலையைக் காட்டவில்லை.

வழக்கொழிந்த ஆங்கிலச் சொற்களுக்கு அகராதி போடும் பதிப்பகம் அது. எவனும் விலை கேட்காத சரக்கைத் தூசி தட்டி, அது எந்த வருஷம் முதலில் சந்தைக்கு வந்தது என்று விசாரித்துக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கிற வியாபாரம். அதிலும் திருட்டு உண்டு. எதிர்த்தெருப் பதிப்பகம் இவர்களுடைய போன பதிப்பை அச்சுப்பிழைகளோடு சுருட்டி விற்றதில் தலைமை ஆசிரியருக்கு இன்னும் வயிறு எரிந்துகொண்டிருந்தது.

அந்தத் தலைமை ஆசிரியர்தான் அவனுடைய மாமனார். அதனால் அலுவலகத்தில் அவனுக்குப் பெயரே கிடையாது. காவலாளி முதல் கணக்கர் வரை எல்லோருக்கும் அவன் மாப்பிள்ளை. துணை ஆசிரியர் நாற்காலி காலியாக இருந்தது. சொந்தக் கையால் அதைப் பிடித்துவிட்டால் அந்தப் பட்டம் ஒழியும் என்று கணக்குப் போட்டிருந்தான்.

க்ளிண்டில் மாமனார் கையாலேயே எழுதிக் கொடுத்த சொல். பொருள்: ஒன்றைத் தன்னிடமே வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடுதல். முதல் பயன்பாடு என்ற இடம் மட்டும் வெறுமையாக இருந்தது.

“கிடைக்கலேன்னா கிடைக்கலேன்னு எழுதிடுங்க” என்று சொல்லியிருந்தார், நெற்றியில் ஏறியிருந்த மூக்குக்கண்ணாடியை இழுப்பறைக்குள் துழாவிக்கொண்டே.

கிடைக்கவில்லை என்று எழுதுவதும் கையாலாகாதவன் என்று எழுதுவதும் ஒன்றுதான் என்று மாப்பிள்ளைக்குத் தோன்றியது. சாயங்காலத்துக்குள் ஒரு குதிரை வைத்தியரைப் பெற்றெடுத்தான். வருஷம் 1623. வைத்தியர் தம் நூலில் எழுதிய வரி: ‘குதிரைமேல் உட்கார்ந்தபடியே அரைநாள் என் குதிரையை க்ளிண்டில் செய்தேன்.’

மறுநாள் மாமனார் அந்தத் தாளோடு அவன் மேசைக்கே வந்தார். வரியை ஒருமுறை படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை படித்தார்.

“இந்தப் புத்தகம் எங்கே கிடைச்சது?”

“பழைய புத்தகக் கடையில சார். வாங்கறதுக்குள்ள வித்துப்போச்சு.”

“அப்ப கடைக்காரரையே கேப்போம். யார் வாங்கினாங்கன்னு தெரிஞ்சிருக்கும்.”

கடைக்காரர் தவறிவிட்டார் என்றான் மாப்பிள்ளை. அடடா, அப்படியென்றால் வீட்டுக்குப் போய்த் துக்கம் விசாரிக்க வேண்டும் என்று மாமனார் அங்கேயே செருப்பைத் தேடினார். அவரைத் தடுக்க, கடைக்காரரின் குடும்பத்தையே மூட்டை முடிச்சோடு வெளிநாட்டுக்குக் கப்பலேற்ற வேண்டியதாயிற்று.

“வைத்தியருக்கும் குடும்பம் உண்டா?” என்று மாமனார் விடாமல் கேட்டார்.

“இல்ல சார். குதிரை உதைச்சு சின்ன வயசுலயே போயிட்டாரு.”

“பாவம். அரைநாள் தேடின குதிரையா இருக்கும்” என்று சொல்லிவிட்டு மெல்ல நடந்துபோனார்.

உட்கார்ந்த இடத்தில் இரண்டு சாவு. அதோடு விட்டதா? ப்ரூஃப் பார்க்கிற அக்கா ஒரு கட்டுத் தாளோடு வந்தாள். துணை ஆசிரியர் நாற்காலிக்கு அவளும் போட்டியில் இருந்தாள். முதல் பயன்பாடு அகப்படாத சொற்கள் அவளிடமும் தேங்கிக் கிடந்தன. உங்க வைத்தியர் இதுல எதையாவது சொல்லியிருக்காரா என்று கேட்டாள். இல்லை என்றால் எப்படித் தெரியும் என்பாள். புத்தகத்தைத்தான் ஒரே பார்வை பார்த்ததாகக் கதை கட்டியாயிற்றே. தப்பிக்க நினைத்து, ஞாபகம் இருக்கிற மாதிரி ஏழெட்டுக்குத் தலையாட்டினான். வைத்தியர் அகராதிக்குள் குடும்பம் குட்டியோடு குடியேறிவிட்டார்.

போகும்போது அக்கா நின்றாள்.

“ஒரே பார்வையில இத்தனை ஞாபகமா? நான் என் பேரை வாபஸ் வாங்கிட்டேன் தம்பி. இந்த நாற்காலி உங்களுக்குத்தான் நியாயம்.”

அவள் அதைக் கொஞ்சமும் குத்தலில்லாமல் சொன்னாள். மாப்பிள்ளைக்கு அதுதான் குத்தியது. மாமனார் தயவில் வந்தவன் என்ற பேச்சையாவது காதில் வாங்கிக்கொண்டு காலம் தள்ளலாம். இது அவள் வருஷக்கணக்காகக் கண்ணைக் கெடுத்துக்கொண்டு உழைத்ததை, பட்டப்பகலில் பொய்யால் அடித்துப் பறித்தது. கண்ணாடி முன் நின்று தலை வாரக்கூட அவனுக்குக் கூசியது.

அதற்குமேல், திங்கட்கிழமைக் கூட்டத்தில் துணை ஆசிரியரை அறிவிப்பதாகவும், அதற்கு முன் குதிரை வைத்தியரின் வாழ்வும் பணியும் பற்றி மாப்பிள்ளை விரிவாகப் பேசுவார் என்றும் மாமனார் அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாமனார் வீட்டுக்கு ஓடினான். எல்லாவற்றையும் அவிழ்த்துக் கொட்டிவிட்டு, அக்காவுக்கு நாற்காலியைக் கொடுங்கள் என்று காலில் விழுவதாக முடிவு. அவர் குளித்துக்கொண்டிருந்தார். அத்தை சாப்பாட்டு மேசையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அகராதி வேலையில் அவளுக்கு என்ன அக்கறை இருந்துவிடப் போகிறது. அவளிடம் ஒத்திகை பார்த்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தான்.

ஆரம்பித்ததுதான் தெரியும்; வைத்தியர், கடைக்காரர், கப்பல், அக்கா, எல்லாம் வாய்க்கு வந்த வரிசையில் கொட்டிவிட்டது. அத்தை கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் நின்றது. பிறகு யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமுவதுபோல் கேட்டது.

அவன் தலையைத் தூக்கவில்லை. கடைசிக் கயிறாக ஒன்றைப் பிடித்துக்கொண்டான்.

“நான் பொய்யன்தான் அத்தை. வைத்தியர் பொய், புத்தகம் பொய். ஆனா அந்த வார்த்தை நிஜம். அதுக்கு மட்டும் நான் துரோகம் பண்ணல.”

அத்தை மேசைமேல் கிடந்த மாமனாரின் மூக்குக்கண்ணாடியை எடுத்து முந்தானையில் துடைத்தாள்.

“அது எப்படி மாப்பிள்ளை நிஜமாகும்? எதிர்த்தெருக்காரன் காப்பியடிச்சா மாட்டிக்கட்டும்னு, உங்க மாமா கண்ணாடியைத் தேடினப்ப இதே மேசையில உக்காந்து நான்தானே அதை உண்டாக்கிக் குடுத்தேன்.”