காற்றோட்டம் பார்த்த தேங்காய்

"அந்த மரத்துல மட்டும் கைய வெச்சீங்கன்னா..."

"கையில்ல புள்ளே, மிசின் வாளு. நாளைக்குக் காலையில வருது. சொல்லிப்போட்டேன்."

"என்னைய ஒரு வார்த்த கேக்காம எப்புடிச் சொன்னீங்க? அந்தப் புங்க மரமெல்லாம் நிக்கறதாலதான் இந்த ஊட்டுக்குள்ள..."

"அதெல்லாம் நிக்கறதாலதான் இந்த ஊட்டுக்குள்ள இழுப்பு வருது! சித்தர் படம் போட்டே காட்டிட்டாரு. செவப்பு. நம்ம மேக்கு வேலி பூராவும் செவப்பு."

"செவப்புப் பேனா எங்கிட்டயும் இருக்குதுங்க."

"நீ ஜாக்கெட்டுத் துணியில கோடு போடறவ. அவரு ஆகாசத்துல கோடு போடறவரு."

அன்புச்செல்வி தையல் மிஷினை விட்டு எழுந்தாள். நந்தகுமார் கட்டிலை விட்டு எழுந்தான். இருவருக்கும் நடுவில் அவர்கள் மகள் தமிழ்ச்செல்வி, மூன்றாம் வகுப்புக்காரி, மூக்கில் நெபுலைசர் முகமூடியை மாட்டிக்கொண்டு, அம்மா பேசினால் அம்மாவையும் அப்பா பேசினால் அப்பாவையும் பார்த்துக்கொண்டிருந்தாள். சண்டை அவளுக்காகத்தான். அவள் மூச்சு ஒழுங்காக ஓட வேண்டும் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. மரம் இருந்தால் ஓடுமா, விழுந்தால் ஓடுமா என்பதில்தான் அந்த வீடு இரண்டாகப் பிளந்து கிடந்தது.

வெள்ளக்கரட்டூரே அப்போது நிறத்தால்தான் பேசிக்கொண்டது.

"உங்க ஊடு என்னங்க?"

"மஞ்சளுங்க. உங்களுது?"

"பச்சைங்க, சாமி புண்ணியம்."

பச்சை வீட்டுக்காரர்கள் தெருவில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்கள். மஞ்சள் வீட்டுக்காரர்கள் சுவரோரமாக நடந்தார்கள். சிவப்பு வீட்டுப் பெண்ணைப் பார்க்கப் பரமத்தி வேலூரிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார், காபியைக்கூடக் குடிக்காமல் காரைத் திருப்பினார்கள். காபி நன்றாகத்தான் இருந்தது. வீடுதான் சிவப்பு.

இதை ஆரம்பித்து வைத்தது என்னவோ அரசாங்கம்தான். காற்று மாசுக் கட்டுப்பாட்டு மண்டலம் குறிக்க வேண்டும் என்று அறிவுமதி என்ற இளம்பெண் வந்தாள். கரண்டுக் கம்பங்களில் வெள்ளைப் பெட்டிகளை மாட்டினாள். ஒவ்வொரு பெட்டியும் பூமியில் சரியாக எந்த இடத்தில் இருக்கிறது, காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது, தூசி எவ்வளவு என்று குறித்தாள். அவள் போடும் கோட்டுக்குள் வருகிற கல்லுடைக்கும் கிரஷர்காரர்கள் தண்ணீர் தெளிக்க வேண்டும், கன்வேயருக்கு மூடி போட வேண்டும், டிப்பருக்குத் தார்ப்பாய் கட்ட வேண்டும்.

"எப்பம்மிணி படம் வரும்?" என்று ஊர் கேட்டது.

"ஒரு மாசம் காத்த அளந்து பாத்தாதாங்க சொல்ல முடியும்" என்றாள்.

அங்கேதான் தோற்றாள். ஊருக்கு உண்மை வேண்டியிருந்தது. ஆனால் அன்று சாயங்காலத்துக்குள் வேண்டியிருந்தது.

ஒரே நாளில் தருகிறேன் என்று வந்தார் சுவாமிநாதன். அவர் நீரோட்டம் பார்க்கிறவர். அந்தப் பக்கத்தில், உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு ஒருவர் விவசாயக் காட்டைச் சுற்றி வராமல் எந்த ரிக் வண்டியும் போர் போடாது. தேங்காய் எங்கே எழுந்து நிற்கிறதோ அங்கே தண்ணீர். சுவாமிநாதனின் தேங்காய் பல காடுகளில் நின்றது. கீழே தண்ணீர்தான் நிற்கவில்லை. தண்ணீரில் ஒரு தொல்லை உண்டு: தோண்டிப் பார்த்துவிடுவார்கள். காற்றை யாரும் தோண்டிப் பார்ப்பதில்லை. இந்த ஞானம் உதித்த அன்றே அவர் வாயுமண்டலச் சித்தர் ஆனார். நீரோட்டம் காற்றோட்டமானது. தேங்காய் மட்டும் பழைய தேங்காய்.

கூடவே காலத்துக்கு ஏற்ற ஒரு பெரிய பிளக்ஸ். வானத்திலிருந்து எடுத்த ஊர்ப் படம். அதன்மேல் சிவப்பு, மஞ்சள், பச்சை. மாரியம்மன் கோயில் திடலில் கட்டினார்கள். கூட்டம் மொய்த்தது. யாரும் நிறத்தைப் பார்க்கவில்லை. முதலில் அவரவர் வீட்டைத் தேடினார்கள்.

"அந்தா என்ற ஊடு! தண்ணித் தொட்டி தெரியுது பாருங்க!"

"என்ற எருமக் கொட்டாயி! அடியாத்தி, மேல இருந்து பாத்தா எத்தச்சோடு பெருசா இருக்குது!"

தன் வீட்டைச் சரியாகக் காட்டிய படம், அதன் தலையில் பூசிய நிறத்தை மட்டும் தப்பாகவா காட்டும்? நம்பிவிட்டார்கள்.

பிளக்ஸின் அடியில், 'உபயம்: கிரஷர் ஜீவானந்தம்' என்றிருந்தது. படத்தில் கிரஷர் பச்சைப்பசேல் என்றிருந்தது. கல் என்பது பூமித் தத்துவம், அதற்கு வாயு தோஷமில்லை என்று சித்தர் விளக்கினார். நந்தகுமார் வீட்டு மேற்கு வேலியில் வரிசையாக நிற்கும் புங்க மரங்கள் மட்டும் ரத்தச் சிவப்பு. அவைதாம் கெட்ட காற்றைக் கூப்பிட்டு உட்கார வைத்து உபசரிக்கின்றனவாம். அந்த வளைவில் ஜீவானந்தத்தின் டிப்பர்கள் திரும்ப அந்த மரங்கள்தாம் இடைஞ்சல் என்பதும் ஊருக்குத் தெரியும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் யாருக்கும் நேரமில்லை.

"நீங்க ரிக்கு வண்டியிலயே வேல பாக்கறவங்கதான?" அன்புச்செல்வி குரலை இறக்கினாள். "தேங்கா நின்ன எடத்துல எத்தன தடவ வெறும் புழுதி வந்துச்சு?"

நந்தகுமார் கொஞ்சம் யோசித்தான். "வந்திருக்குது."

"பொறவு?"

"அதெல்லாம் ராசியில்லாதவங்க காடு."

"தண்ணி வந்தா தேங்காயோட கெட்டித்தனம். வராட்டி காட்டுக்காரனோட ராசி. நல்ல தேங்காயிங்க அது!"

அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் வெள்ளை லைனிங் துணியை ஒரே அளவில் துண்டு துண்டாகக் கத்தரித்தாள். "ஒரு நாளு பொறுங்க. இத நனச்சு ஊரு பூராக் கட்டி வெக்கறேன். சித்தர் சொன்னபடி செவப்புல அழுக்கு, பச்சையில சுத்தம்னு வந்துச்சுன்னா, நானே வந்து மரத்தப் புடிச்சுக்கறேன், வாளப் போடுங்க."

பேச்சு நியாயமாக இருந்தது. ஏணியைத் தூக்கிக்கொண்டு அவனே வந்தான்.

கம்பத்துப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்த அறிவுமதியிடம் அன்புச்செல்வி கேட்டாள்: "ஏனம்மிணி, அவரு படம் சரியா, உன்ற படம் சரியா?"

"என்னோடது இன்னும் முடியலைங்கக்கா. முடிஞ்சாலும் சும்மா நம்பாதீங்க. அதையும் சேத்தே சோதிங்க."

"அதெப்படி?"

"இதுவரைக்கும் அளந்ததை வெச்சு முன்னாடியே சொல்லிடறேன். கிரஷர் வாசல் துணிதான் ரொம்ப அழுக்காகும். மரத்துக்கு அந்தப் பக்கம் அடுத்தது. மரத்துக்கு இந்தப் பக்கம், உங்க வீட்டுச் சுவர்ல குறைச்சல். மாறி வந்தா, நான் தப்புன்னு ஊர் முன்னால ஒத்துக்கறேன்."

தான் தப்பாகவும் இருக்கலாம் என்று ஒருத்தி சொன்னது நந்தகுமாருக்குப் பிடிக்கவில்லை. சித்தர் அப்படியெல்லாம் பேசியதே இல்லை.

மறுநாள் காலை மரத்தடியில் மிஷின் வாள் வந்து இறங்கியது. ஊரும் வந்து இறங்கியது. சித்தர் காவியில் வந்தார். ஜீவானந்தம் புதுக்காரில் வந்து அதை எதிரே இருந்த மாரியம்மன் கோயிலோரம் நிழலில் நிறுத்தினார். நந்தகுமார் துணிகளை அவிழ்த்து வந்து கோயில் படியில் வரிசையாக விரித்தான்.

கிரஷர் வாசல் துணி சாம்பலில் புரட்டி எடுத்ததுபோல் இருந்தது. மரத்துக்கு அந்தப் பக்கத்துத் துணியில் விரலால் கோலம் போடலாம். வீட்டுச் சுவர்த் துணி கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான்.

எருமைக்காரி பெருமாயி கிரஷர்த் துணியைத் தூக்கிப் பிடித்தாள். "சித்தரே, உங்க பச்சையிலதானுங்க இத்தன கருப்பு!"

கூட்டம் சித்தரைப் பார்த்தது. சித்தர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே பலர் காணிக்கை வைத்திருக்கிறார்கள்.

"இது ஸ்தூலம், தாயே. கண்ணுக்குத் தெரியற தூசி. சோப்புப் போட்டா போயிரும். நான் பாக்கறது சூட்சும வாயு. அது துணியில ஒட்டாது."

"அதானே!" என்றது கூட்டம், பெரிய நிம்மதியோடு. கண்ணால் கண்டதை நம்பும் சங்கடத்திலிருந்து ஒருவர் காப்பாற்றிவிட்டாரே!

நந்தகுமார் மனைவியைப் பார்த்தான். வாள்காரர் மிஷினுக்குப் பெட்ரோல் ஊற்றினார்.

"சரீங்க" என்றாள் அன்புச்செல்வி. "சூட்சுமத்தையே பாக்கலாம். சூட்சுமத்துக்குக் கண்ணு எதுக்குங்க? கண்ணக் கட்டிக்கிட்டு ஒரு சுத்து வாங்க. தேங்கா அதே எடத்துல நின்னா, எனக்கு மறுபேச்சில்ல."

சித்தர் ஜீவானந்தத்தைப் பார்த்தார். ஜீவானந்தம் இமையை மூடித் திறந்தார். "கட்டுங்க" என்றார் சித்தர்.

லைனிங் துணியை நாலாக மடித்துக் கட்டினாள். திசை தெரியாமல் சுற்றி விட்டாள். தேங்காய் உள்ளங்கையில் சமத்தாகப் படுத்திருந்தது. நந்தகுமார் தோளைப் பிடித்து நடத்தினான். கோயில் படி: தேங்காய் தூங்கியது. பிளக்ஸ்: தூங்கியது. புங்க மரத்தடி வந்ததும் ஜீவானந்தம், "க்கும்" என்று தொண்டையைச் செருமினார். தேங்காய் விருட்டென்று எழுந்து நின்றது.

"ஆத்தா! மாரியாயி!" கைகள் கும்பிட்டன.

"பாத்தியா புள்ளே? கண்ணக் கட்டியும் பாத்தியா?" நந்தகுமாரின் கண் கலங்கியிருந்தது. அவன் மகள் பிழைத்துவிட்டாள் என்றே நினைத்தான்.

வாள்காரர் கயிற்றை இழுத்தார். மிஷின் உறுமியது. அன்புச்செல்வி வாளுக்கும் மரத்துக்கும் நடுவில் வந்து நின்றாள். "இன்னொரு சுத்து... ஒரே ஒரு சுத்துங்க" என்றாள்.

வென்றவருக்குத் தாராளம் வருவது சகஜம். சித்தர் கட்டை அவிழ்க்காமலே, "நூறு சுத்து வாரேன்" என்றார். மறுபடி சுற்றி விட்டார்கள். மறுபடி நடந்தார்கள். கோயில் படி வரும்போது, தார்ப்பாய் போடாத டிப்பர் ஒன்று தூசியை வாரி இறைத்துக்கொண்டு போனது. படியில் உட்கார்ந்திருந்த தமிழ்ச்செல்வி இருமினாள்.

தேங்காய் எழுந்து நின்றது.

"இதோ!" சித்தர் முழங்கினார். "செவப்பு! கடுஞ்செவப்பு! தோஷமெல்லாம் இங்கதான் குடியிருக்குது! இங்க நிக்கறத மொதல்ல இடிச்சுத் தள்ளுங்க!"

பூசாரி திடுக்கிட்டுக் கோபுரத்தைப் பார்த்தார். கூட்டமும் அண்ணாந்து பார்த்தது. பெருமாயிக்கு மட்டும் உதட்டோரம் துடித்தது. நந்தகுமாரை விலக்கிவிட்டு, சித்தரின் தோளைத் தானே பிடித்தாள். பதமாக நடத்திக்கொண்டு போய் ஜீவானந்தத்தின் புதுக்கார் முன் நிறுத்தி, "க்கும்" என்றாள்.

தேங்காய் நின்றது.

"இதையும் அப்புறப்படுத்துங்க! இது இருக்கற எடம் வெளங்காது!"

"சாமி, சாமி! அது என்ற வண்டிங்க!" பதறி ஓடிவந்த ஜீவானந்தத்துக்குத் தூசியில் நிஜமாகவே புரை ஏறியது. அவர் இருமினார். தேங்காய் நின்றது. மறுபடி இருமினார். மறுபடி நின்றது. கூட்டத்தில் யாரோ ஒருவர் இருமிப் பார்த்தார். அப்புறம் அத்தனை பேரும் இருமினார்கள். பாவம் தேங்காய், எதற்கென்று எழும்? சித்தரின் உள்ளங்கையில் அது குதித்த குதிப்பில் உருண்டு விழுந்தே போனது.

பெருமாயி அதைப் பொறுக்கித் தன் உள்ளங்கையில் படுக்க வைத்தாள். நுனி விரல்களை மெல்ல மடக்கினாள். முதல் தடவை உருண்டது. அடுத்த தடவை நின்றது.

"அட, எனக்கும் சக்தி வந்துபோச்சு! இத்தன வருசமா எருமப் பால் கறந்து வீணாப் போயிட்டேனே!"

ஊர் சிரித்த சிரிப்பில் சித்தர் கண்கட்டை அவிழ்த்தார். எதிரே ஜீவானந்தத்தின் காரைப் பார்த்தார். "கெட்ட காத்து எடம் மாறிப்போச்சு" என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. அந்நேரம் அந்த வழியாக வந்த பஸ்ஸிலேயே ஏறிக்கொண்டார். அது எந்த ஊருக்குப் போகிறது என்றுகூடக் கேட்கவில்லை.

நந்தகுமார் வாள்காரரிடம் போய், "மிசின அமத்திருங்க அண்ணா" என்றான். பிறகு மகளைத் தூக்கிக்கொண்டு மரத்துக்கு இந்தப் பக்கம், நிழலில் வந்து நின்றான். மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை. "நான் அவளுக்காகத்தான் புள்ளே..." என்றான்.

"தெரியுமுங்க. நானும் அவளுக்காகத்தான்."

அதற்குள் ஊர் அறிவுமதியைச் சூழ்ந்துகொண்டது.

"ஏனம்மிணி, அப்ப என்ற ஊடு நெசமா என்ன நெறம்?"

"என்றது பச்சைன்னு சொன்னாரு. அத மட்டும் மாத்தீராத கண்ணு!"

"ஒரு மாசமாகும்னு சொன்னேனுங்களே" என்றாள் அறிவுமதி.

"ஒரு மாசமா!" கூட்டம் சலித்துக்கொண்டது. "அவரு ஒரே நாள்ல சொல்லிப்போட்டாரே..."

அன்புச்செல்வி கறுத்த துணியைக் கையில் பிடித்தபடி அவர்கள் நடுவில் வந்து நின்றாள்.

"கண்ணக் கட்டுனது அவரு ஒருத்தருக்குத்தானுங்க. தொறந்த கண்ணோட நின்ன நாமெல்லாம் இத்தன நாளா எதையப் பாத்துக்கிட்டு இருந்தோம்?"