கார்முகிலன் வாய் திறக்காத ஞாயிறு

"இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள் தேவிகா.

"அரசாங்கக் கடனப் பத்திப் பேசமாட்டேன்."

"அப்புறம்?"

"கட்சி பேசமாட்டேன். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி, ரெண்டுத்துலயும் சேராத கட்சி, எதுவும்."

"அமெரிக்காக்காரன் வரி?"

"அது எங்க கம்பெனி விஷயம் தேவிகா. ஷூ ஆர்டரே பாதியாய்..."

தேவிகா அரிவாளை எடுத்தாள். தேங்காயை ஒரே போடில் உடைத்தாள். இரண்டு மூடிகளும் ஒரு மயிரிழை பிசகாமல் சமமாக வந்தன.

"அதுவும் பேசமாட்டேன்" என்றார் கார்முகிலன்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. பத்தரைக்குக் குடியாத்தத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். பெண்ணுக்கும் பையனுக்கும் ஏற்கெனவே ஒருவரையொருவர் பிடித்துவிட்டது. ஜாதகம் பார்த்தாயிற்று. பாக்கி இருந்த ஒரே ஆபத்து கார்முகிலனின் வாய்தான்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக ஸ்டோர் இன்சார்ஜ் அவர். தோல், சோல், லேஸ் எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்திருப்பார். யாரும் கேட்காமலே நாட்டுக்கும் சேர்த்து வைத்திருப்பார். காலைக் கடன் முடிப்பதற்கு முன்பே அரசுக் கடன் பற்றிய செய்தியைப் போனில் பார்த்துவிடுவார். அதைப் பார்த்த பயத்தில் முதல் கடன் தானாகவே முடிந்துவிடும். மற்றவர்கள் நிதி அறிக்கை என்று சொல்வதை அவர் பீதி அறிக்கை என்பார். "தலைக்கு ஒரு லட்சத்துக்கு மேலய்யா! பொறந்த கொழந்த தலையிலயும்!" என்று டீக்கடையில் அவர் கத்தினால், பக்கத்தில் இருப்பவர்கள் ஒரு தடவை தலையைத் தடவிப் பார்த்துக்கொள்வார்கள்.

இந்த வாய்தான் மகள் கலையரசிக்கு வந்த இரண்டு வரன்களைத் திருப்பி அனுப்பியது.

முதல் வரன் வாணியம்பாடி. பஜ்ஜி சாப்பிடும்போது கார்முகிலன் ஆளுங்கட்சியின் கடன் கொள்கையைக் கிழி கிழியென்று கிழித்தார். பையனின் அப்பா அந்தக் கட்சியின் வட்டப் பிரதிநிதி. பஜ்ஜியைக் கையில் பிடித்தபடியே எழுந்து போய்விட்டார். இரண்டாவது வரன் வேலூர். இந்த முறை ஜாக்கிரதையாக எதிர்க்கட்சியைக் கிழித்தார். பையனின் தாய்மாமன் அந்தக் கட்சியின் நகரப் பொருளாளர். "நான் நடுநிலைமைங்க" என்று கார்முகிலன் வாசல்வரை கெஞ்சிக்கொண்டே போனார். நடுநிலைமை என்பது இரண்டு பக்கமும் அடி வாங்கும் நிலைமை என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

கலையரசி வேலூர் பாகாயத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவள். இரண்டு தடவையும் "பரவாயில்லப்பா" என்றுதான் சொன்னாள். ஆனால் இரண்டாவது தடவை, ஒரே ஒரு பஜ்ஜித் தட்டை அவள் கால் மணி நேரம் கழுவிக்கொண்டே இருந்ததைக் கார்முகிலன் பார்த்தார். கடன் எவ்வளவு ஏறினாலும் வராத ஒரு பயம் அப்போது அவர் அடிவயிற்றில் வந்து உட்கார்ந்தது. அதற்கப்புறம் அது எழுந்திருக்கவே இல்லை.

அதனால்தான் சனிக்கிழமையே கட்டிங் செக்‌ஷனில் இருக்கும் நிசார் அஹமதுவிடம் போய் நின்றார்.

"தோஸ்த், ரெண்டு மணி நேரம் நான் எதையாச்சும் பேசியாகணும். பேசாம இருந்தா அதுவா வெளிய வந்துடும். இன்னா பேசறது?"

நிசார் தோலிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னார். "சயின்ஸ் பேசு. ஆக்டோபஸுக்கு மூணு இதயம். அது எந்தக் கட்சி? ஒண்ணும் இல்ல. எவனுக்குக் கோவம் வரும்?"

போனில் வந்து குவிந்திருந்த அதிசய அறிவியல் செய்திகளை நிசார் ஒவ்வொன்றாகப் படிக்க, ஷூ டப்பா அட்டை ஒன்றின் பின்பக்கம் கார்முகிலன் எழுதிக்கொண்டார்.

"இந்த ஜெல்லி மீன மட்டும் ஜாக்கிரதையா பேசு" என்றார் நிசார்.

"ஏன்?"

"அதுக்கு மூளை கெடையாது. உடனே உனக்கு எதனா ஒரு கட்சி ஞாபகம் வரும்."

கார்முகிலன் அட்டையில் ஜெல்லி மீனை அடித்துவிட்டார்.

பத்தரை மணிக்குக் கார் வந்து நின்றது. மாப்பிள்ளை முத்துக்குமார், அவன் அம்மா சாவித்திரி, அப்பா ராஜகோபால். மூன்று பேர்தான். கார்முகிலன் ராஜகோபாலைக் கரை பார்த்தார். வேட்டி கட்டியிருந்தால் கரையில் கட்சி தெரிந்திருக்கும். மனுஷன் பேண்ட் போட்டு வந்திருந்தார். பையில் பேனாகூடக் கறுப்பு மூடி. எந்தக் கட்சி என்று துப்பே இல்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு கண்ணிவெடி நிலத்தில் நடப்பதுபோல அவருக்கு உள்ளங்கால் கூசியது.

உட்கார்ந்தார்கள். மின்விசிறி சுற்றியது. தேவிகா கையில் ஒரு எவர்சில்வர் தாம்பாளத்தோடு சமையலறை வாசலில் நின்றாள். தப்பாக ஒரு வார்த்தை வந்தால் தாம்பாளத்தில் கரண்டியால் ஒரு தட்டு. அதுதான் ஏற்பாடு.

ஒரு நிமிடம் போனது. கார்முகிலன் சட்டைப்பையிலிருந்த அட்டையை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"ஆக்டோபஸுக்கு மூணு இதயமாம்" என்றார்.

ராஜகோபால் திடுக்கிட்டு நிமிர்ந்தார். அவர் நெற்றியிலும் வேர்வை. கர்ச்சீப்பால் துடைத்துக்கொண்டு, தட்டிலிருந்த பழத்தைக் காட்டி மெல்லிய குரலில் சொன்னார். "வாழப்பழத்துல லேசா கதிரியக்கம் இருக்குதாம்."

உரித்த பழத்தைக் கார்முகிலன் சத்தமில்லாமல் கீழே வைத்தார். இந்த ஆள் சாதாரண ஆள் இல்லை. சயின்ஸ் வாத்தியாராக இருப்பாரோ? பரீட்சை வைக்கிறாரோ?

"பூமி முன்னவிட வேகமா சுத்துதாம். சில சமயம் ஒரு நாளோட நீளமே, நொடியில ஆயிரத்துல ஒரு பங்கு கொறஞ்சிடுதாம்."

"வெள்ளி கெரகத்துல வருஷத்தவிட நாள் பெருசாம்."

"மனுஷன் மூளைக்குள்ள பிளாஸ்டிக் இருக்குதாம்."

"எந்த ஆட்சில..." என்று ஆரம்பித்த ராஜகோபால், சாவித்திரி இருமியதும், "எந்த ஆச்சரியம் பாருங்க!" என்று முடித்தார்.

அப்போதுதான் பெண்கள் பக்கத்திலிருந்து முதல் கேள்வி வந்தது.

"அண்ணா, கல்யாணத்த வேலூர்லயே வெச்சுக்கலாம்னு இருக்கோம்" என்றாள் சாவித்திரி. "ஏசி மண்டபம். செலவு ரெண்டு வீட்டுக்கும் பாதிப் பாதி. உங்களுக்குச் சரிதான?"

ஏசி மண்டபம்! கார்முகிலனின் கண்முன்னால் லட்சங்கள் வரிசையாக நடந்து போயின. அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது? அவர் வாய் தன்னாலே திறந்தது.

"க..."

டங்!

"க... கங்காரு" என்றார் கார்முகிலன். "கங்காருவால பின்னாடி நடக்க முடியாதாம்."

"அப்ப மண்டபம் சரி?" என்றாள் தேவிகா.

அவர் தலையாட்டினார். வேறு வழியில்லை. செலவு வேண்டாம் என்றால் ஏன் என்பார்கள். ஏன் என்றால் கடன் என்று வரும். கடன் என்று வந்தால் எந்த ஆட்சியில் என்று வரும். அப்புறம் கார் கிளம்பும் சத்தம் கேட்கும். கலையரசி மறுபடி தட்டுக் கழுவுவாள்.

"எண்ணூறு பேருக்குச் சாப்பாடு" என்றாள் சாவித்திரி புருஷன் பக்கம் திரும்பி. "முந்தின நாள் ரிசப்ஷனுக்கு பிரியாணி. நம்ம ஆம்பூர் கைதான் செய்யணும். இன்னாங்க?"

ராஜகோபாலின் முகம் வெளுத்தது. "வட்..." என்றார். சாவித்திரி இருமினாள். "வட்... வட்டமா இல்லாம சதுரமா சாணி போடற மிருகம் ஒண்ணு ஆஸ்திரேலியாவுல இருக்குதாம்."

"பிரியாணி சரின்னு சொல்றாரு" என்றாள் சாவித்திரி.

அப்புறம் கேள்விகள் வேகமாக வந்தன. பட்டு காஞ்சிபுரத்திலேயே எடுக்கலாமா? மேலே பறந்து படம் பிடிக்கும் ட்ரோன்? ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் தாம்பாளம், ஒரு பக்கம் இருமல். இரண்டு ஆண்களும் ஆளுக்கொரு அதிசயத்தைச் சொல்லித் தலையாட்டினார்கள். அட்டையில் இருந்த சரக்கு தீர்ந்துபோய்க் கார்முகிலன் கடைசியில் அடித்து வைத்த ஜெல்லி மீனையே எடுத்துவிட்டார்.

"ஜெல்லி மீனுக்கு மூளையே கெடையாதாம்."

இரண்டு பேர் உதடும் ஒரே நேரத்தில் துடித்தன. ஆளுக்கொரு கட்சி ஞாபகம் வந்துவிட்டது. இரண்டு பேரும் பல்லைக் கடித்துக்கொண்டார்கள்.

சாப்பாடு முடிந்து கை கழுவக் கொல்லைப்பக்கம் போனபோதுதான் தனியாக மாட்டினார்கள். ராஜகோபால் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"சார், நீங்க சயின்ஸ் படிச்சவரா?"

"நானா? ஷூ கம்பெனி ஸ்டோர்ஸ் சார். நீங்கதான் படிச்சவருன்னு நெனச்சேன்."

"நானு பன்னெண்டு தறி ஓட்டறேன். லுங்கி."

தண்ணீர் குழாயிலிருந்து ஒழுகியது.

"அப்புறம் எதுக்கு சார் அந்தச் சாணி?"

ராஜகோபால் தலையைக் குனிந்துகொண்டார். "எனக்குக் கொஞ்சம் வாய் ஜாஸ்தி. பையனுக்கு வந்த ஒரு எடம் என்னாலயே போய்டுச்சு. அரசாங்கக் கடனப் பத்தி மட்டும் பேசவே கூடாதுன்னு வீட்ல சத்தியம் வாங்கிட்டாங்க."

கார்முகிலனுக்குக் கண் கலங்கிவிட்டது. ராஜகோபாலின் ஈரக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "தலைக்கு எவ்ளோன்னு தெரியுமா சார் உங்களுக்கு?"

"தெரியாதா பின்ன! வட்டியே எவ்ளோ போவுதுன்னு கேளுங்க!"

பத்து நிமிடம் அவர்கள் சொர்க்கத்தில் இருந்தார்கள். பதினோராவது நிமிடத்தில் கட்சி தெரிந்துவிட்டது. ஆளுக்கொரு கட்சி; கார்முகிலனின் நடுநிலைமைக்கு உள்ளேயும் ஒன்று இருந்தது.

"உங்க ஆளுங்க ஆட்சிலதான் சார் ஆரம்பிச்சுது" என்றார் கார்முகிலன் கிசுகிசுப்பாக.

"இன்னா பேசறீங்க? ஆரம்பிச்சது நாங்க, டபுளாக்கினது நீங்க" என்றார் ராஜகோபால் அதைவிடக் கிசுகிசுப்பாக.

உள்ளே கேட்டுவிடக்கூடாது என்ற பயத்தில் இரண்டு பேரும் மூக்கோடு மூக்கு உரச, காற்றாலேயே சண்டை போட்டார்கள். துணி காயப் போட வந்த பக்கத்து வீட்டு அன்வரி பேகம் பார்த்துவிட்டு, சம்பந்திகள் இவ்வளவு நெருக்கமாகிவிட்டார்களே என்று சந்தோஷமாகத் திரும்பிப் போனார்.

"வாங்கினா திருப்பிக் கட்டற வக்கு இருக்கணும் சார்" என்றார் ராஜகோபால். "வருமானத்துக்கு மேல செலவு பண்ணா, அது அரசாங்கமானாலும் சரி, வீடானாலும் சரி..."

அவர் நிறுத்தினார். கார்முகிலனும் நிறுத்தினார்.

"சார், உள்ள நாம எதுக்கெல்லாம் தலையாட்டினோம்?"

விரல் விட்டு எண்ணினார்கள். மண்டபம். எண்ணூறு பேர். பிரியாணி. காஞ்சிபுரம். ட்ரோன். ஒரு கை விரல் தீர்ந்ததும் ராஜகோபால் மனக்கணக்கில் தொகையைக் கூட்டினார்.

"என் பங்கு மட்டும் பன்னெண்டு லட்சம் ஆவும் போல இருக்கே!"

"எனக்கும் அதேதான் சார். என்கிட்ட அஞ்சுதான் இருக்கு!"

கட்சி, ஆட்சி எல்லாம் பறந்துபோனது. குழாயடியிலேயே கூட்டணி அமைந்தது. ஒன்றாகப் போவது, ஒன்றாகப் பேசுவது, பாதியாகக் குறைப்பது. கார்முகிலன் முதலில், ராஜகோபால் ஆதரவு. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள்.

கூடத்தில் தட்டுகள் தயாராக இருந்தன. வெற்றிலை, பாக்கு, பழம், பூ. எதிரெதிரே இரண்டு பாய். கலையரசி மாம்பழக் கலர் புடவையில் நின்றாள். முத்துக்குமார் ஏதோ சொல்ல, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மகள் அப்படிச் சிரித்து எத்தனை மாதம் ஆயிற்று என்று கார்முகிலனுக்குக் கணக்குத் தெரியவில்லை. நெஞ்சில் பாதிக் காற்று அங்கேயே இறங்கிவிட்டது.

மீதிக் காற்றைப் பிடித்துக்கொண்டு, "செலவு கொஞ்சம் ஜாஸ்தியாத் தெரியுது..." என்றார்.

"அப்படியா?" என்றாள் தேவிகா ஆச்சரியமாக. "நீங்கதான எல்லாத்துக்கும் தலையாட்டினீங்க? சம்பந்தியம்மா பாத்தாங்களே."

"பாத்தேனே" என்றாள் சாவித்திரி.

கார்முகிலன் கூட்டணியைத் திரும்பிப் பார்த்தார். ராஜகோபால் வாயைத் திறந்தார். "அதுக்கில்ல... கடன்..."

"சத்தியம்!" என்றாள் சாவித்திரி.

ராஜகோபால் போய்ப் பாயில் உட்கார்ந்துவிட்டார். கூட்டணி அவ்வளவுதான். ஐந்து நிமிடத்தில் தட்டு மாற்றியாயிற்று.

சாயங்காலம் கார் போன பிறகு, கார்முகிலன் நாற்காலியில் சரிந்து கிடந்தார். தேவிகா பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். வெகுநேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்.

"ஏன் தேவிகா, நீயும் அந்தம்மாவும் இதுக்கு முன்னாடி பேசியிருக்கீங்களா?"

"மூணு வாரமா தெனமும் பேசறோமே."

"இன்னா பேசினீங்க?"

"ரெண்டு வீட்லயும் ஒரே நோவு. வாயக் கட்டிப்போட்டாதான் கல்யாணம் நடக்கும்னு பேசினோம். கட்டினதுக்கப்புறம், கல்யாணத்த நல்லாவே பண்ணிடலாம்னு தோணிச்சு." பாயைச் சுவரில் சாய்த்தாள். "சீட்டுப் பணம் எங்கிட்ட மூணு இருக்கு. உங்க அஞ்சு. பாக்கி நாலுதான்."

"நாலுக்கு எங்கடி போறது?" கார்முகிலன் குரல் அழுவதுபோல் வந்தது.

"நாளைக்கு ஒம்பதரைக்கு பேங்க் மேனேஜர் உங்கள வரச் சொல்லியிருக்காரு. ஆதார் எடுத்துட்டுப் போங்க" என்றாள் தேவிகா. "அங்க எவ்ளோ நேரம் வேணும்னாலும் கடனப் பத்திப் பேசலாம். நான் ஒண்ணுமே சொல்லமாட்டேன்."